திராட்சை மேட்டுக்குச் சீனி குறைக்கப் போன கதை

என்னுடைய டொக்டருக்கு என் மூத்த மகளின் வயதுதான் இருக்கும். அதனால் அவர் திட்டினால் எனக்குக் கோபம் வருவதில்லை. வீட்டில் வாங்கிப் பழகியதுதான். அன்று அவர் திட்டவில்லை. கணினித் திரையை என் பக்கம் திருப்பி, மேலே மேலே ஏறிப் போகும் ஒரு கோட்டைக் காட்டினார். அது என் இரத்தத்தில் ஓடும் சீனி. இரண்டு மூன்று மாதச் சராசரியை எடுத்துச் சொல்லும் சோதனை அது. முதல் நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. நான் கிடந்து பார்த்திருக்கிறேன்.

"இது இறங்காவிட்டால் இன்சுலின் ஊசிதான்," என்றார். "ஊசி தொடங்கினால் உங்கள் பஸ் லைசென்ஸைப் பற்றி நாங்கள் வேறு மாதிரிக் கதைக்க வேண்டி வரும்."

அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வடக்கே மீன் வெட்டியிருக்கிறேன். ஒஸ்லோவுக்கு வந்து உணவகத்தில் கோப்பை கழுவியிருக்கிறேன், அலுவலகங்களில் தரை துடைத்திருக்கிறேன். அந்த வேலைகளில் எதன் மீதும் எனக்கு ஆசை இருந்ததில்லை. பஸ் மீது இருந்தது, இருக்கிறது. அந்தப் பெரிய ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உயரத்தில் உட்கார்ந்தால் நான் யார், எங்கிருந்து வந்தவன் என்பதெல்லாம் எனக்கு மறந்துபோகும். பனி கொட்டும் காலையில் அவ்வளவு நீள வண்டியை வளைத்துக் கொண்டுபோய், தரிப்பிடத்தில் நிற்கும் கிழவியின் காலடியில் கதவு திறக்கும்படி நிறுத்துவேன். அவர் நன்றி சொல்ல மாட்டார். ஆனால் அடுத்த நாளும் அதே இடத்தில்தான் நிற்பார். எனக்கு அது போதும். அந்த இருக்கையை விட்டு இறங்கச் சொன்னால் நான் செத்துப்போவேன் என்று மனைவியிடம் சொன்னேன். சீனியாலும் சாகலாம், எதாலை சாகிறதெண்டு நீங்களே முடிவெடுங்கோ என்றாள் அவள்.

எனக்குச் சீனி வருத்தம் இருப்பது மனைவிக்கும் டொக்டருக்கும் மட்டும்தான் தெரியும். எங்கள் ஆட்களிடம் வருத்தத்தை வெளியில் சொல்லக் கூடாது. சொன்னால் கலியாண வீட்டில் ஒருவர் பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொல்வார், இன்னொருவர் வெந்தயம் ஊறவைக்கச் சொல்வார், மூன்றாமவர் இந்த வருத்தத்தால் காலை வெட்டிய ஒருவரின் கதையை ஆறுதலாகச் சொல்வார். பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசும்போது, அந்தக் குடும்பத்தில் சலரோகம் இருக்கிறது என்று யாராவது காதுக்குள் போடுவார்கள். ஆகவே வாய் திறக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

உடம்பை அசைக்கச் சொல்லி டொக்டர் சொல்லியிருந்தார். நடை எனக்கு அலுப்பு. நீந்தத் தெரியாது. சைக்கிள் ஓடத் தெரியும் என்ற திமிர் மட்டும் மிச்சம் இருந்தது. அந்த நேரத்தில்தான் மச்சானின் நினைவு வந்தது.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. ஒஸ்லோவிலேயே ட்வெய்ட்டா பக்கம் அடுக்குமாடியில் இருக்கிறான். எதைத் தொடங்கினாலும் உடுப்பிலிருந்துதான் தொடங்குவான். இரண்டு வருடத்துக்கு முன் திடீரென்று சைக்கிள் ஓடத் தொடங்கினான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பூச்சியின் கண் போன்ற கண்ணாடி, பெடலில் கொளுவிக்கொள்ளும் சப்பாத்து, உடம்போடு ஒட்டிய காற்சட்டை எல்லாம் அவனிடம் இருந்தன. அவனோடு அதே கட்டடத்தில் இருக்கும் ஒரு கோயம்புத்தூர்த் தம்பியும் ஓடுவான். கணினி வேலைக்காக வந்தவன். எங்களில் பாதி வயது, எங்கள் சைக்கிள்களைவிடப் பாதிப் பாரத்தில் ஒரு சைக்கிள். நான் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி மூன்றாவது ஆளாகச் சேர்ந்தேன். காற்சட்டை மச்சான் தந்தது.

அதைப் போட்டுக்கொண்டு முதல் நாள் வெளியே வந்தபோது மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இதோடை லிஃப்ற்றிலை போகாதேங்கோ. மேல் வீட்டு மாமி நிப்பா. படியாலை இறங்குங்கோ."

படியால் இறங்கினேன். மாமிக்கும் யாரோ உடம்பை அசைக்கச் சொல்லியிருக்க வேண்டும். லிஃப்ற்றை விட்டுவிட்டுப் படியால் மூச்சிரைக்க ஏறி வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சுவரைப் பார்த்துக்கொண்டு, "என்ன தம்பி, நீச்சலுக்கோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

றோட்டில் எனக்கு வேறு விதமான அவமானம். இத்தனை வருடமாக பஸ்ஸின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு நான் சைக்கிள்காரர்களைத் தமிழில் திட்டாத திட்டு இல்லை. முதுகுக்குப் பின்னால் பஸ் வரும் சத்தம் கேட்டால் எனக்குக் கூசும். உள்ளே இருக்கிறவன் என்ன சொல்லுவான் என்று எனக்குத்தானே தெரியும். ஒதுங்க இடமில்லாவிட்டாலும் ஒதுங்குவேன். ஒருமுறை எங்கள் கொம்பனி பஸ் ஒன்றுக்கு வழிவிடப் போய், றோட்டோரம் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கிவிட்டேன். ஓட்டுநர் என்னை அடையாளம் கண்டு, நிறுத்தி, சுகம் விசாரித்தார். அந்த உடுப்போடு கானுக்குள் நின்றுகொண்டு நல்ல சுகம் என்றேன்.

ஆனாலும் வசந்தகாலம் முழுக்க ஓடினேன். வேலையில்லாத நாட்களில் எல்லாம் ஓடினேன். கால் இறுகியது, மூச்சு இளகியது. உற்சாகமாக அடுத்த சோதனைக்குப் போனேன். கோடு இன்னும் மேலே போயிருந்தது.

டொக்டர் என்னை நம்பவில்லை. "உண்மையிலேயே சைக்கிள் ஓடுகிறீர்களா?" என்று கேட்டார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. கோயம்புத்தூர்த் தம்பி என் தொலைபேசியில் போட்டுத் தந்த வரைபடத்தைத் திறந்து காட்டினேன். நாங்கள் போன பாதையெல்லாம் சிவப்புக் கோடாக அதில் இருந்தது. அவர் அதை விரலால் பெரிதாக்கினார்.

"ஸ்ட்ரோம்மனில் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறீர்கள்?"

"தெரிந்தவர்கள் வீடு."

"இங்கே?"

"அதுவும் தெரிந்தவர்கள் வீடு."

"இங்கே?"

"அங்கே இரண்டு வீடு."

அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. தெரிந்த ஆட்களின் வீட்டு வாசலால் போய்விட்டு உள்ளே போகாமல் வருவது எங்களுக்குள் பெரிய குற்றம். எப்படியும் யாராவது கண்டு சொல்லிவிடுவார்கள். வருடக்கணக்கில் முகம் தூக்குவார்கள். உள்ளே போனால் பால் தேத்தண்ணி வரும். அதில் சீனி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு மரியாதை. பிறகு ரோல்ஸ் வரும். ரோல்ஸ் என்றால் என்ன என்று கேட்டார். உருளைக்கிழங்கும் ஆட்டிறைச்சியும் வைத்து மாவில் சுற்றி, ரொட்டித் தூளில் புரட்டி, எண்ணெயில் பொரிப்பது என்றேன். அவர் கதிரையில் பின்னால் சாய்ந்தார்.

"வேண்டாம் என்று சொல்லலாமே," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேண்டாம் என்று நாங்கள் சொல்லாமலா இருக்கிறோம்? முதல்தரம் வேண்டாம் என்பது வழக்கம். இரண்டாம்தரம் வேண்டாம் என்பது மரியாதை. மூன்றாம்தரம் தட்டில் போட்டுவிடுவார்கள். உண்மையிலேயே வேண்டாம் என்று சொல்ல எங்களிடம் வழி இல்லை. படித்த பிள்ளை, பாவம், அவருக்கு அது புரியவில்லை. இலையுதிர்காலச் சோதனைதான் கடைசி என்று சொல்லி அனுப்பினார்.

மச்சானிடம் இதையெல்லாம் சொல்ல முடியாது. கோடை விடுமுறையெல்லாம் முடிந்ததும், தமிழ் ஆட்கள் இல்லாத பக்கமாக ஓடுவோம், மனதுக்கு அமைதியாக இருக்கும் என்று மட்டும் சொன்னேன். அவன் ஏன் என்று கேட்காமல் உடனே சம்மதித்தது அப்போது எனக்கு ஆச்சரியமாகப் படவில்லை.

இடம் கண்டுபிடித்தது கோயம்புத்தூர்த் தம்பிதான். "திராமன் வரைக்கும் ரயில்ல போயிடலாங்கண்ணா. அங்கிருந்து மேட்டு மேல ஏறினா ஆப்பிள் தோட்டம், அதுக்கு மேல ஒரு சின்ன திராட்சைத் தோட்டம் இருக்குது. ஏத்தம் இறக்கம்னு ரோடு சூப்பரா இருக்கும்."

"முந்திரிகைத் தோட்டமோ? இந்தக் குளிருக்கையோ?" என்றான் மச்சான். நாங்கள் திராட்சையை முந்திரிகை என்போம். முந்திரி என்றால் பாயாசத்தில் போடுவதல்லவா என்று தம்பி சிரிக்க, அதைக் கஜு என்று நாங்கள் திருத்த, அடுத்த சனிக்கிழமை ரயிலிலும் பாதி வழி இதிலேயே போயிற்று.

திராமனில் ஒரே ஓர் ஆபத்து இருந்தது. மனைவியின் பெரியம்மா மகள் அங்கே இருக்கிறார். மச்சானுக்கும் மனைவிக்கும் அக்கா, அதனால் எனக்கும் அக்கா. அவருடைய வீட்டுக்குப் போனால் அன்று சமைத்ததை மட்டும் தந்து அனுப்ப மாட்டார், புதிதாகவும் சமைப்பார். ஆகவே ஸ்டேஷனில் இறங்கியதும் ஹெல்மெட்டை இறக்கி, கண்ணாடியைப் போட்டு, ஒருவரோடு ஒருவர் தமிழில் கதைக்காமல் ஆற்றுப் பாலத்தைக் கடந்துவிடுவது என்று முடிவெடுத்தோம். சனிக்கிழமை காலை, வெயில், றோட்டில் ஆட்கள் குறைவு. எல்லாம் நன்றாகத்தான் போனது.

பாலத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கு. அன்றுதான் நானும் முதன்முதலாகப் பெடலில் கொளுவும் சப்பாத்துப் போட்டிருந்தேன். அதைக் கழற்றக் குதிக்காலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். நான் பிறேக் பிடித்தேன், நின்றேன், காலை இழுத்தேன். வரவில்லை. சைக்கிளோடு சேர்ந்து மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து, அப்படியே றோட்டில் படுத்துவிட்டேன். ஒரு கை வந்து என் தோளைப் பிடித்துத் தூக்கியது. இன்னொரு கையில் கீரைக் கட்டு.

"பார்த்துப் பார்த்து... அட, தம்பி, நீங்களோ?"

அக்கா. மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். கண்ணாடி ஒன்றும் உதவவில்லை.

"வீட்டை வராமல் எங்கை போறியள்?"

"திரும்பி வரேக்கை வருவம் எண்டு தான் அக்கா," என்றான் மச்சான், கொஞ்சமும் கூசாமல்.

"அப்ப மத்தியானச் சாப்பாட்டுக்கு வாறியள். நான் இப்பவே போய் இறைச்சியை எடுத்து வெளியிலை வைக்கிறன்."

பச்சை விளக்கு விழுந்தது. நாங்கள் அமைதி தேடிக் கிளம்பினோம். எனக்கு முழங்கையில் தோல் உரிந்திருந்தது; அதைவிட அந்த இறைச்சி என் மனதை அரித்தது. சோதனைக்கு இருப்பது சில வாரங்கள். ஏறுவதும் இறங்குவதும் இன்றைக்கு மேட்டில் இல்லை, அக்காவின் மேசையில்தான் என்று யோசித்துக்கொண்டே பெடலை மிதித்தேன்.

அந்தப் பாதை அழகானதுதான். ஏறி முடிந்துவிட்டது என்று மூச்சு விடும்போது இறங்கும். இறங்கிச் சுகம் கண்டதும் திரும்ப ஏறும். இரண்டு பக்கமும் ஆப்பிள் மரங்கள், சிவப்புக் களஞ்சியங்கள், கீழே நீலமாகக் கடல் நுழைந்து கிடந்தது. கோயம்புத்தூர்த் தம்பி முன்னால் பறந்து போய், மேட்டு உச்சியில் நின்று எங்களைப் படம் எடுப்பான். அந்தப் படங்களில் நாங்கள் இருவரும் யாரோ அடித்துத் துரத்தியவர்கள் மாதிரித்தான் இருக்கிறோம்.

திராட்சைத் தோட்டத்தின் வாசல் படலையடியில் மச்சானின் ரயரில் காற்றுப் போனது. மேட்டின் தெற்குப் பக்கத்தில், வெயிலைப் பார்த்துக்கொண்டு, கம்பி கட்டி வரிசை வரிசையாகக் கொடிகள். பறவைக்கு வலை போட்டிருந்தார்கள். மச்சான் ரயரைக் கழற்றாமல் கொடிகளைக் குறை சொல்லத் தொடங்கினான்.

"பந்தல் போடாமல் முந்திரிகையோ? இடுப்பளவிலை கட்டி விட்டிருக்கினம். இது காய்க்காது அத்தான்."

"காய்ச்சிருக்குதே."

"காய்ச்சாலும் காய்க்காது."

என் வயதிருக்கும் ஒரு நோர்வேஜியப் பெண் ரப்பர் சப்பாத்தோடு வரிசைக்குள்ளிருந்து வந்தார். தோட்டம் அவருடையதுதான். ஒரு திராட்சையைக் கையில் நசுக்கி, அதன் சாற்றைச் சின்னக் குழாய் ஒன்றின் நுனியில் தடவி, குழாயைக் கண்ணில் வைத்து வெளிச்சத்தைப் பார்த்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"சீனி," என்றார். "இன்னும் ஏறவில்லை. இரவு குளிரத் தொடங்கிவிட்டது. சீனி ஏறாவிட்டால் இந்த வருடம் வைன் இல்லை. தினமும் பார்க்கிறேன், தினமும் அதே இடத்தில் நிற்கிறது."

அவர் முகத்தில் இருந்த கவலை எனக்கு நன்றாகத் தெரிந்த கவலை. மச்சான் படலையடியில் ரயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். முன்பின் தெரியாத பெண். நோர்வேஜிய மொழியில் சொன்னால் அது என் வருத்தம் இல்லை போலவும் இருந்தது.

"எனக்கு ஏறிவிட்டது," என்றேன். "இறங்காவிட்டால் என் பஸ் லைசென்ஸ் போய்விடும்."

அவர் குழாயைக் கண்ணிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தார். பாகற்காய் என்று ஒன்றும் சொல்லவில்லை. "மாற்றிக்கொள்ள முடிந்தால் நல்லது," என்று மட்டும் சொன்னார். பிறகு உள்ளே போய்த் தண்ணீரும் ஒரு பெரிய கோப்பை நிறையத் திராட்சையும் கொண்டுவந்தார். எனக்குத் தண்ணீரைத் தந்தார். கோப்பையை மச்சானிடமும் தம்பியிடமும் நீட்டினார்.

நாங்கள் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. இருந்தாலும் மச்சான் முறை தெரிந்தவன். கையை நெஞ்சில் வைத்து, தலையை ஆட்டி, "வேண்டாம், வேண்டாம், நன்றி," என்றான். தம்பியும் அவனைப் பார்த்து, "பரவாயில்லைங்க," என்பதை நோர்வேஜிய மொழியில் சொன்னான்.

"சரி," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டாம்தரம் கேட்கவே இல்லை. மச்சான் அவர் போன கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் எங்களுக்கு இது மட்டும் பழகவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஒருவர் வேண்டாம் என்கிறார், மற்றவர் சரி என்கிறார், யாருக்கும் கோபமில்லை. இவ்வளவு சுலபமா?

சந்தோஷம் நிலைக்கவில்லை. மச்சானின் கை நடுங்கத் தொடங்கியது. நெற்றி வியர்த்து, முகம் வெளிறி, வரிசை நடுவில் குந்திவிட்டான். "வெயில் அத்தான், வெறும் வெயில்," என்றான். வெயில் அப்படி ஒன்றும் இல்லை. நான் வீட்டுக்குள் ஓடி, திராட்சையைத் திரும்பத் தரும்படி கேட்டேன். மச்சான் அந்தக் கோப்பை முழுவதையும் தனியாகச் சாப்பிட்டு முடித்தான். கொஞ்ச நேரத்தில் முகத்தில் இரத்தம் வந்தது.

"புளிக்குது," என்றான். "பந்தல் போட்டிருக்க வேணும்."

மத்தியானம் கடந்து திராமனுக்கு இறங்கி வந்தோம். அக்காவின் கட்டடத்துப் படியிலேயே கறி மணத்தது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் என் உறுதியெல்லாம் கரைந்துவிட்டது. இன்றைக்கு ஒரு நாள்தானே என்று என் வாயே எனக்குச் சொன்னது. இத்தனை வீட்டு வாசலிலும் அது சொன்ன வசனம்தான். அதே நேரம் பஸ்ஸும் நினைவுக்கு வந்தது. என் இருக்கையில் வேறு யாரோ உட்கார்ந்திருக்க, நான் தரிப்பிடத்தில் நிற்பதாக நினைத்துப் பார்த்தேன்.

மேசையில் இடியப்பம், சொதி, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய், ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், மூடி வைத்த பாத்திரத்தில் பாயாசம். அக்காவின் கணவர் சோபாவிலிருந்து எழும்பி வந்து கைகொடுத்தார். முதலில் தேத்தண்ணி. அக்கா சீனிப் போத்தலைத் திறந்து கரண்டியை உள்ளே விட்டார்.

"அக்கா, எனக்குப் போடாதேங்கோ."

"சும்மா இருங்கோ தம்பி. சைக்கிள் ஓடிக் களைச்சுப்போய் வந்திருக்கிறியள்."

"வேண்டாம் அக்கா."

"ஒரு கரண்டி தானே."

மூன்றாம்தரம் வந்துவிட்டது. கரண்டி கோப்பைக்கு மேலே நின்றது.

"எனக்குச் சீனி வருத்தம் அக்கா," என்றேன். "இறங்காட்டில் ஊசி எண்டு சொல்லிப்போட்டினம். ஊசி எண்டால் பஸ் ஓடேலாமல் போகும். எனக்கு வேறை ஒண்டும் தெரியாது அக்கா. எனக்கு பஸ் வேணும்."

கடைசி வசனத்தில் குரல் உடைந்துவிட்டது. ஐம்பது கடந்த மனிதன், உடம்போடு ஒட்டிய காற்சட்டையில், சாப்பாட்டு மேசைக்கு முன்னால் நின்று பஸ் வேண்டும் என்று கேட்டால் எப்படி இருக்கும்? யாரும் சிரிக்கவில்லை.

அக்காவின் கணவர் சேட்டுக் கையை மேலே சுருட்டினார். மேற்கையில் வட்டமாக ஒரு வெள்ளை வில்லை ஒட்டியிருந்தது. சீனி அளக்கிற கருவி.

"இவருக்கு எத்தினையோ வருசம்," என்றார் அக்கா. கரண்டியைப் போத்தலுக்குள் திரும்பப் போட்டார். "எனக்கும் காலமை, இரவு குளிசை தான். இந்த வீட்டிலை ஒருத்தரும் சீனி தொடுறேல்லை. ஆக்கள் வந்தால் மரியாதையாக் குடுக்க வேணும் எண்டு தான் இந்தப் போத்தல். ஆக்களோடை இருந்து நாங்களும் குடிக்கிறது. பிறகு ரெண்டு நாளைக்கு இவருக்கு ஏறி நிக்கும்."

சொல்லிக்கொண்டே வந்தவருக்குத் திடீரென்று கோபம் வந்தது. "முதலே சொல்லியிருக்கலாம் தானே தம்பி? நீங்கள் ஆசையாச் சாப்பிடுறியள் எண்டு தானே நானும் விடிய விடியப் பொரிக்கிறன்."

"அக்கா," என்றான் மச்சான். அவன் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கும் போடாதேங்கோ."

தோட்டத்தில் நடுங்கிய கை என் கண்முன் வந்தது; குளிசையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு மேடு ஏறியிருக்கிறான். இரண்டு வருடமாக அவன் ஏன் சைக்கிள் ஓடுகிறான் என்பதும் புரிந்தது. எனக்குக் கெட்ட கோபம் வந்தது. "அப்ப ஏனடா என்னை வீடு வீடாக் கூட்டிக்கொண்டு திரிஞ்சனி?" என்று கேட்டேன்.

"உங்களுக்காகத்தான் அத்தான். ரோல்ஸைக் கண்டால் உங்கடை முகம் மலருது. அத்தானுக்கு ஆசை எண்டு நினைச்சன்."

நான் அவனுக்காகப் போனேன். அவன் எனக்காகப் போனான். வீட்டுக்காரர்கள் எங்கள் இருவருக்காகவும் பொரித்தார்கள். இந்த அழகில் வசந்தகாலம் முழுக்க எத்தனை மேடு ஏறி இறங்கினோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கோயம்புத்தூர்த் தம்பி மட்டும் எங்களை மாறி மாறிப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தான். பிறகு தன் கோப்பையை மெதுவாக அக்கா பக்கம் நகர்த்தினான். "எனக்கு அப்படி ஒண்ணும் இல்லைங்கக்கா. ரெண்டு ஸ்பூன் போடுங்க." பாயாசம் முழுவதும் அவன் தலையில்தான் கட்டப்பட்டது. ரயிலில் அவன் காற்சட்டை இடுப்பை இழுத்துத் தளர்த்திக்கொண்டே வந்தான்.

நாங்கள் ஒஸ்லோ வருவதற்குள் மனைவியின் அழைப்பு வந்துவிட்டது. "ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டியளோ? மூண்டு பேர் போன் எடுத்து வெந்தயம் சொல்லிப்போட்டினம்," என்றாள். கோபமாகத்தான் இருந்தாள். ஆனால் அடுத்த கிழமை ஸ்ட்ரோம்மன் வீட்டுக்காரம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டு, சீனியைத் தனியாக ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தார். யாரும் தொடவில்லை. வீட்டுக்காரரும் தொடவில்லை. அந்த வீட்டிலும் அதே கதைதான் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. காலை வெட்டியவரின் கதையை மட்டும் சொன்னார்கள்.

இலையுதிர்காலச் சோதனையன்று நான் வேலை உடுப்போடு போயிருந்தேன், பின்னேர வேலை இருந்ததால். டொக்டர் திரையைப் பார்த்தார், திருப்பவில்லை, திரும்பவும் பார்த்தார்.

"இறங்கியிருக்கிறது," என்றார். "பெரிதாக இல்லை. ஆனால் ஊசி வேண்டாம், இப்போதைக்கு. லைசென்ஸைப் பற்றியும் ஒன்றும் கதைக்கத் தேவையில்லை. என்ன செய்தீர்கள்?"

"திராமனில் ஒரு அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்."

"அவர் உணவு ஆலோசகரா?"

"ஒரு மாதிரி," என்றேன்.

வெளியே வந்து, பஸ் நிற்கும் இடம்வரை நடந்தேன். வண்டியில் ஏறி, இருக்கையை எனக்கு ஏற்றபடி உயர்த்தி, கண்ணாடிகளைத் திருப்பினேன். தினமும் செய்கிற வேலைதான். தரிப்பிடத்துக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்தேன். ஆட்கள் ஏறினார்கள். கதவை மூடினேன். ஸ்டியரிங்கில் கையை வைத்ததும் கண் நிறைந்து, முன்னால் றோடு தெரியவில்லை. சேட்டுக் கையால் துடைத்தேன், திரும்பவும் நிறைந்தது. பின்னாலிருந்து ஒரு பெண் எழும்பி வந்து, இந்த பஸ் போகுமா போகாதா என்று கேட்டார்.

போகும் என்றேன்.